கண்ணகி நகர் மாதிரி ஒரு குடியிருப்பில் அறிவியல் நிகழ்ச்சி நடத்துவது எப்படி

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து, சென்னையின் தெற்கே இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரில் ஓர் அறிவியல் கூட்டம் போட்டோம். 80 நாற்காலி, புரொஜெக்டர், பெரிய ஃபிளெக்ஸ், பேச ஒரு பேராசிரியர். ஞாயிறு காலை 10 மணி. தலைப்பு கருந்துளை. வந்தவர்கள் 11 பேர். அதில் காது கேளாத ஒரு பையனும் அவன் அம்மாவும் இருந்தார்கள். மேடையில் சொல்வதை அம்மா கையால் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். படம் காட்டுவதற்காக நாங்கள் விளக்கை அணைத்ததும் அந்தக் கை அவனுக்குத் தெரியாமல் போயிற்று. கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகு ஆறு கூட்டங்கள் நடத்திவிட்டோம். இப்போது நாற்காலி போதாமல் பாய் விரிக்கிறோம். எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்பார்கள், எவ்வளவு பணம் ஆகும், எத்தனை வாரத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் தவறு செய்துதான் தெரிந்துகொண்டோம். மறுகுடியமர்வுக் குடியிருப்பு, மீனவர் குப்பம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று முதல் முறை போகிறவர்கள் அந்தப் பாடு பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மொத்தம் எட்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆறு வாரத்தில் முடிக்கலாம்; நான்கு வாரத்தில் முடியாது.

1. முதல் மூன்று வாரம்: தலைப்பு இல்லாமல் போங்கள்

தலைப்பை முடிவு செய்துகொண்டு, பேச்சாளரையும் பிடித்துக்கொண்டு, கடைசியில் 'ஆள் சேர்த்துக் கொடுங்கள்' என்று கேட்டுப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாங்களும் அதைத்தான் செய்தோம். கண்ணகி நகரில் இருக்கும் மக்கள் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் வேறு பல இடங்களிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். வாரம் ஒரு குழு வந்து எதையாவது சொல்லிவிட்டு, படம் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துச் சலித்தவர்கள். அவர்களுக்கு நீங்கள் இன்னொரு குழு.

முதல் வாரம் சும்மா போங்கள். மகளிர் குழு அக்காக்கள், அங்கன்வாடிப் பணியாளர், பிளாக் சங்கத்தார், டியூஷன் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள், இளைஞர் மன்றத்துப் பையன்கள் என்று குறைந்தது ஐந்து வகை ஆட்களைப் பாருங்கள். மீனவர் குப்பமாக இருந்தால் ஊர் நிர்வாகத்தாரைப் பார்த்துச் சொல்லாமல் உள்ளே ஒரு வேலையும் தொடங்காதீர்கள். அது அங்கே வழக்கம், மரியாதை.

இங்கே ஒரு பொறி உண்டு. ஏரியாவில் செல்வாக்கான ஒருவர் 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்பார். அவரை விட்டுவிடவும் வேண்டாம், அவரை மட்டும் நம்பவும் வேண்டாம். அவருக்கு ஆகாத பிளாக்கிலிருந்து ஒருவர்கூட வரமாட்டார்கள். எங்கள் இரண்டாவது கூட்டம் இப்படித்தான் பாதி காலியாக நடந்தது.

கேட்க வேண்டிய கேள்வி எளியது: 'உங்களுக்குள்ளே எந்த விஷயத்துல அடிக்கடி வாக்குவாதம் வருது?' அறிவியலில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டால் 'நீங்களே சொல்லுங்க சார்' என்று முடித்துவிடுவார்கள். வாக்குவாதத்தைக் கேட்டால் கொட்டும். தண்ணீர் மஞ்சளாக வருகிறதே, குடிக்கலாமா? போர் தண்ணீரில் தலை குளித்தால் முடி கொட்டுமா? கேன் தண்ணீர் உண்மையிலேயே சுத்தமா? பாம்பு கடித்தால் வாயால் உறிஞ்சலாமா? எங்கள் அடுத்த நான்கு தலைப்பும் ஒரே மாலையில் கிடைத்துவிட்டன.

மூன்றாவது வாரத்தில் உள்ளூர் ஆட்கள் மூன்று பேரைக் கொண்டு ஒரு திட்டக் குழு அமையுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒருவராவது மாற்றுத்திறனாளியாகவோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோராகவோ இருக்கட்டும். அவர்களுக்குப் பணம் கொடுங்கள். தொகையைப் பின்னால் சொல்கிறேன். ஒரு தலைப்பையோ ஏற்பாட்டையோ அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம்தான். இந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் மேடையில் பக்கத்தில் உட்கார மட்டும் வைத்தால் அவர்களுக்கே அது புரிந்துவிடும், அடுத்த முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

2. தலைப்பும் செய்முறையும்

தண்ணீரை எடுத்துக்கொண்டால் முதல் கூட்டம் பெரும்பாலும் கைகூடும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று ஆன்லைனில் 300 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அவரவர் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லுங்கள். போர்வெல், மெட்ரோ வாட்டர் குழாய், லாரி, கேன் என்று வரிசையாக வைத்து அவர்களே அளக்கட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்றுக்கொள்ளலாம். அப்புறம் சோப்புச் சோதனை: ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு சோப்பு, மூடிக் குலுக்கினால் எது நுரைக்கிறது? கால்சியமும் மக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீரில் நுரை வராமல் திரியும். 'நம்ம போர் தண்ணில துணி ஏன் வெளுக்க மாட்டேங்குது' என்பதற்குப் பதில் அவர்கள் கையிலேயே இருக்கும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மீட்டரில் எண் குறைவாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். மீட்டர் உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் 300 காட்டலாம். அதனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பியையும் கட்டாயம் கொண்டுபோங்கள். தண்ணீரை ஊற்றி ஒன்று இரண்டு நாள் வைத்திருந்து, கறுப்பானால் மலக் கழிவு கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று பொருள். முடிவு அன்றைக்கே வராது என்பதால் குப்பிகளை உள்ளூர்க் குழுவிடமே விட்டுவிட்டு, மூன்றாம் நாள் மறுபடி போக வேண்டும். அந்த மூன்றாம் நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். 'உங்க தண்ணி கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது மிகப் பெரிய துரோகம். காய்ச்சிக் குடிப்பது, குளோரின் மாத்திரை, சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதிந்து அந்தப் பதிவு எண்ணைக் குறித்துவைப்பது வரை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

வடசென்னையின் மீனவர் பகுதிகளான காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலைப் பற்றி அங்கே பாடம் எடுக்கப் போகாதீர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலை மறிக்கிறது. அதனால்தான் தெற்கே மெரினா அகலமானது, ராயபுரத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. இதை நீங்கள் வரைபடத்தில் படித்திருப்பீர்கள். அவர்கள் வீடு இழந்து பார்த்தவர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது அதை அள்ள முதலில் கையை உள்ளே விட்டதும் அவர்கள்தான். அங்கே உங்கள் வேலை கேட்பதும், கேட்டதைப் பதிவு செய்து, கடலியல் படித்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு அறிவையும் பேசவிடுவதும்தான்.

வானம் என்றால் பிள்ளைகள் வருவார்கள். சென்னை வானத்தின் வெளிச்சத்தில் நிலா, வியாழன், சனியின் வளையம் ஆகியவை சிறு தொலைநோக்கியில் தெரியும். மங்கலான விண்மீன் கூட்டங்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தொலைநோக்கியே இல்லையா? ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. செலவு பூஜ்யம். ஆனால் நண்பகலில் வேலைக்குப் போன பெண்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிள்ளைகளுக்கு அதை வைத்து, மாலையில் அதே குச்சியைத் தாய்மார்களுக்குப் பிள்ளைகளே விளக்கும்படி நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

3. யார் பேசுவது

கண்ணகி நகருக்குப் பக்கத்திலேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கின்றன. நான்கு வாரம் முன்னதாக மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரிய பேராசிரியரைவிட ஆராய்ச்சி மாணவர்கள் சுலபமாக வருவார்கள், ஒத்திகைக்கும் வருவார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பல வருடம் தெருவில் நின்று பேசிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் துளிர் இதழின் பழைய பிரதிகள் எளிய செய்முறைகளுக்குப் பெரும் துணை.

ஒரு பேச்சாளராவது கேட்பவர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. தூய்மைப் பணியாளர் ஒரு அக்காவை உரம் பற்றிப் பேச வைத்தோம். குப்பைக் குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடாகும், அந்தச் சூட்டில்தான் பல கிருமிகள் சாகும் என்று புத்தகம் சொல்லும். அவர், 'கையை உள்ளே விட்டா ஒரு மூச்சு நேரம் வைக்க முடியாது, அப்போ வேலை சரியா நடக்குதுன்னு அர்த்தம்' என்றார். அன்று கைகட்டி உட்கார்ந்திருந்த ஆண்கள்கூட முன்னால் வந்து கேட்டார்கள்.

பாம்புக்கடி பற்றிய கூட்டத்தில் முதலில் மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் வடநெம்மேலியைப் பற்றிச் சொன்னோம். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 'அறிவியல் வேற யாரோட வேலையோ' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

4. இடமும் அனுமதியும்

முதலில் எந்த எல்லை என்று பாருங்கள். கண்ணகி நகர் சென்னை மாநகராட்சியின் 15-ஆவது மண்டலமான சோழிங்கநல்லூரில் வரும். அடுத்துள்ள பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். நாங்கள் பெரும்பாக்கத்துக்கான கடிதத்தை மாநகராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒரு வாரத்தை இழந்தோம். பிளாக்குகளுக்கு நடுவே இருக்கும் திறந்தவெளி தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தினுடையது. பழைய பெயர் குடிசை மாற்று வாரியம். 2021-இல் பெயர் மாறியது. கடிதத்தில் புதுப் பெயரையே எழுதுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: நிகழ்ச்சி நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் ஆட்கள் எண்ணிக்கை எழுதிய கடிதம் மூன்று நகல், பொறுப்பாளரின் அடையாள அட்டை நகல், அமைப்பின் பதிவுச் சான்று அல்லது ஒரு கல்லூரியின் கடிதம், கையால் வரைந்த இட வரைபடம், குடியிருப்பவர்கள் பத்து பேரின் கையெழுத்தோடு ஒரு ஒப்புதல் கடிதம். கடைசியில் சொன்னதை ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதை வைத்ததும் எங்கள் கடிதம் வேகமாக நகர்ந்தது. ஒரு நகல் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். வார்டு கவுன்சிலரிடம் நேரில் போய்ச் சொல்வது சட்டப்படி கட்டாயம் கிடையாது. ஆனாலும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக இருக்கலாம். 80 பேருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி போதும். இதற்கெல்லாம் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நாங்கள் எங்கேயும் கட்டணம் கட்டவில்லை. சமுதாயக் கூடம் எடுத்தால் மட்டும் வாடகையும் முன்பணமும் உண்டு.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் ஒருவரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி வண்டியைக் கிளப்பாதீர்கள். 2024-இல் ஒரு பள்ளியில் வெளியார் பேச்சால் வந்த சர்ச்சைக்குப் பிறகு எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகலாம்.

5. நாளும் நேரமும்

ஞாயிறு காலை 10 மணி யாருக்கு விடுமுறை? அலுவலகம் போகிறவர்களுக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். சர்ச்சுக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. காசிமேட்டில் மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாளும் அதுதான். தூய்மைப் பணியாளர்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள் என்பதால் இரவு நீளும் கூட்டமும் அவர்களுக்கு ஆகாது. எங்களுக்குப் பொருந்தியது சனிக்கிழமை மாலை 5.30 முதல் 7 மணி. உங்கள் இடத்தில் வேறாக இருக்கலாம். தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தண்ணீர் வருகிறது என்று ஒரு குரல் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும், கலையத்தான் வேண்டும்.

குப்பங்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுக்காரர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். கரையில் இருப்பவர்களுக்கும் அது கையில் காசு இல்லாத காலம். மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும், ஜூலையும் ஆகஸ்டும் எங்களுக்கு நல்ல மாதங்கள்.

6. பேசும் மொழி

பேச்சாளரின் உரையை ஒரு வாரம் முன்னால் வாங்கி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கும் ஒரு பாட்டிக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் நெற்றியைச் சுருக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் திருத்தம். பள்ளிப் புத்தகத்தில் 'கடின நீர்' என்று இருப்பதை அங்கே 'உப்புத் தண்ணி' என்பார்கள். இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளைக்குப் பரீட்சையில் உதவாது, அல்லது அம்மாவுக்குப் புரியாது.

உங்களுக்குச் சென்னைப் பேச்சு சொந்தமில்லை என்றால் மேடையில் அதைப் பேசிக்காட்டாதீர்கள். நெருக்கம் என்று நீங்கள் நினைப்பது அவர்கள் காதில் கேலியாக விழும். உங்கள் இயல்பான எளிய தமிழே போதும்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியம். எங்கள் பேச்சாளர் ஒருவர், தன்னைவிட இருபது வயது மூத்த ஒரு பெண்ணைப் பார்த்து 'நீ சொல்லும்மா' என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பேச வருகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எல்லோரும் 'நீங்க'தான். 'உங்களைப் போன்றவர்கள்' என்ற சொல் வாயில் வரக்கூடாது. 'விழிப்புணர்வு முகாம்' என்று பேனர் அடிக்காதீர்கள். உங்களுக்கு விழிப்பு இல்லை என்று சொல்லி எப்படி ஆளைக் கூப்பிடுவது? பழைய ஊர் எது, என்ன ஆட்கள் என்று துருவிக் கேட்பதும் வேண்டாம். அது எதற்கான கேள்வி என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. திட்டக் குழுவில் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யலாம்.

7. காது, கண், சக்கர நாற்காலி

இதைக் கடைசி வாரத்தில் சேர்க்க முடியாது. நான்காவது வாரத்திலேயே தொடங்குங்கள்.

சைகை மொழிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரே ஒன்றரை மணி நேரம் செய்ய முடியாது. ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வார்கள். ஆள் தெரியவில்லை என்றால் அடையாறில் இருக்கும் செயின்ட் லூயிஸ் போன்ற காது கேளாதோர் பள்ளிகளில் நேரில் போய் ஆசிரியர்களைக் கேளுங்கள். உரையையும் சொற்பட்டியலையும் ஒரு வாரம் முன்னால் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். 'கரைந்த உப்பு' என்பதற்கு என்ன சைகை என்று அவர்கள் பார்த்துவைக்க நேரம் வேண்டாமா? இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000 சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது. அதிலும் இல்லாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளரும் காது கேளாதவர்களும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி தனி விளக்கு வையுங்கள். பேச்சாளருக்குப் பக்கத்தில் நிற்கட்டும், காது கேளாதவர்களுக்கு அவருக்கு நேரே முன்வரிசை. பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அதே நேரம் பேசாதீர்கள். பொருளைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? பார்க்க விட்டு, நிறுத்தி, பிறகு பேசுங்கள். விளக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். நாங்கள் புரொஜெக்டரையே விட்டுவிட்டோம்.

பார்வையில்லாதவர்களுக்குத் தொட்டுப் பார்க்கும் பொருள் வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது சூரியக் குடும்ப அளவு மாதிரி. ஒரு மீட்டர் விட்டமுள்ள சாக்குப் பந்து சூரியன் என்றால் பூமி ஒரு கொண்டைக்கடலை. வியாழன் பத்து சென்டிமீட்டர், ஒரு சின்னக் கிர்ணிப்பழம். கடலையைக் கையில் வைத்துக்கொண்டு சூரியனிலிருந்து கயிற்றைப் பிடித்தபடி நடந்தால் 107 மீட்டரில் பூமி வரும், ஏறக்குறைய 140 எட்டு. பார்வையில்லாத ஒரு மாணவி நடந்து முடித்துவிட்டு, 'இவ்வளவு தூரத்துல இருந்தா இந்த வெயில் வருது?' என்று கேட்டாள். பார்வையுள்ள பிள்ளைகள் அதற்குப் பிறகு வரிசையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள். படம் காட்டும் இடத்திலெல்லாம் படத்தில் என்ன இருக்கிறது என்பதை வாயால் சொல்லும் பழக்கத்தையும் பேச்சாளருக்குக் கற்றுக்கொடுங்கள். பூந்தமல்லியில் அரசுப் பார்வையற்றோர் மேல்நிலைப் பள்ளியும், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவும் இருக்கின்றன. உங்கள் செய்முறையை முதலில் அங்கே இருப்பவர்களிடம் காட்டி, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலிக்குச் சாய்வுதளம் 1:12. அதாவது 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளப் பலகை. 'நாலு பேர் தூக்கிடலாம்' என்று சொல்வார்கள். தூக்கப்படுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள், முடிவு செய்துவிட்டுப் போய்ப் பார்க்காதீர்கள்.

வெளியே கூட்டிப் போவதாக இருந்தால், சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. மெரினாவில் மணலுக்கு மேல் மரப் பாதை இருப்பதால் கடலோர நிகழ்ச்சிக்குச் சக்கர நாற்காலிக்காரர்களும் வரலாம்.

8. பணம்

முதல் கூட்டத்தில் 14,000 ரூபாய் செலவழித்தோம். பாதிக்கு மேல் ஃபிளெக்ஸ், நினைவுப் பரிசு, பொன்னாடை, புரொஜெக்டர் வாடகை. இப்போது 80 பேருக்கு ஒரு மாலைக்கு 21,000 ஆகிறது. எங்கள் கடைசிக் கணக்கை அப்படியே தருகிறேன். நாற்காலி 800, ஏற்றி இறக்கக் கூலி 300. மைக் 2,000. சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவருக்கு 5,000, அவர்கள் போக்குவரத்து 800. சுண்டல், டீ 2,000. திட்டக் குழுவினர் மூவருக்குத் தலா 1,500 வீதம் 4,500. உள்ளூர்ப் பேச்சாளருக்கு 2,000. செய்முறைப் பொருட்கள் 1,800. நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஆட்டோ 1,200. அச்சு 600.

பணம் குறைந்தால் மைக்கைக் குறையுங்கள், அச்சைக் குறையுங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவிலும் உள்ளூர் ஆட்களின் ஊதியத்திலும் கைவைக்காதீர்கள். பேராசிரியருக்குக் கார் அனுப்பிவிட்டு, மூன்று வாரம் அலைந்த அக்காவுக்கு ஒரு டிபன் பாக்ஸ் கொடுப்பது நியாயமே இல்லை.

மானியம் வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம், ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்துக்கான வேலையை முந்தைய ஆண்டிலேயே தொடங்க வேண்டும். பதிவு பெற்ற அமைப்பு, பான், வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த கணக்கு எல்லாம் கேட்பார்கள். சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட அலகோடு சேர்ந்து செய்யுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

டீக்கடையிலும் சுண்டல் போடும் அம்மாவிடமும் பில் இருக்காது. ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி, பெயர், தொகை, கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். இது தெரியாமல் எங்கள் கணக்கு ஒரு முறை திரும்பி வந்தது.

9. அன்றைக்கு

மேடை போடாதீர்கள். நடுவில் மேசை, சுற்றி நாற்காலி, முன்னால் பாய். விருந்தினருக்கு வேறு நாற்காலி, வேறு தண்ணீர் பாட்டில் என்று பிரிக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே சுண்டல். வந்தவர்கள் அங்கே சாப்பிடுகிறார்களா என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

பேச்சு மொத்தம் 25 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் கைவேலையும் கேள்வியும். முதல் மூன்று கேள்வியைப் பெண்களிடமிருந்து வாங்குங்கள். அப்புறம் தானாக ஓடும். மைக்கில் பேசத் தயங்குகிறவர்களுக்குத் துண்டுச் சீட்டு, எழுத வராதவர்களுக்கு எழுதித் தர ஒரு பிள்ளை.

10. படமும் பிள்ளைகளும்

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தமிழில் நான்கு வரிப் படிவம் போதும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரமே வீடு வீடாக வாங்கிவிடலாம். வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டினோம், படம் எடுப்பவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். வருகைப் பதிவேட்டில் ஆதார் எண் கேட்காதீர்கள். ஆதாரைக் கேட்டாலே வீடு போய்விடுமோ, பெயர் நீக்கிவிடுவார்களோ என்ற பயம் அங்கே உண்டு. பெயரும் பிளாக் எண்ணும் போதும், அதுவும் விருப்பப்பட்டால். எந்த நேரத்திலும் பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும்.

11. மூன்றாம் நாளும் மூன்றாம் வாரமும்

மூன்றாம் நாள் குப்பிகளைப் பார்க்கப் போங்கள். எந்தெந்த பிளாக்கில் கறுப்பானது என்று குழுவே ஒரு தாளில் குறிக்கட்டும். அந்தத் தாளை வைத்துப் புகார் கொடுப்பதா, யார் பெயரில் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவலாம். முடிவுகளைக் கேட்காமல் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் அதனால் தொல்லை வரும்.

நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் வாரம் திட்டக் குழுவோடு உட்கார்ந்து கணக்கை அப்படியே காட்டுங்கள், ஒவ்வொரு வவுச்சரையும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் எழுந்து போன அந்தப் பையனின் வீட்டை எங்கள் குழுவில் ஒரு அக்காதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவனும் அம்மாவும் இப்போது சொற்பட்டியலுக்குச் சைகை பார்க்கும் நாளில் வந்து உட்காருகிறார்கள். டி.டி.எஸ். மீட்டரை நாங்கள் திரும்ப எடுத்து வரவில்லை. மகளிர் குழு அலமாரியில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம்.